இல்லங்களைக் காத்த நகரறிஞர்

நுழையும்முன்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அது நிற்கும் மண்ணோடும், அதன்மேல் வீசும் காற்றோடும், அதனுள் வாழ்வோரின் தொழிலோடும் பிணைந்தது. நோயைத் துரத்துவதற்காக ஏழை மக்களின் வீடுகள் இடிக்கப்பட்ட ஒரு காலம் இருந்தது. அக்காலத்தில், வீட்டைக் காத்தே நகரையும் காக்க இயலும் என்று செய்து காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். செடிகொடிகளை ஆராய்ந்த ஒருவர் நகரங்களின் மருத்துவராக மாறிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொள்ளைநோயும் இடிபாடும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கொங்குநாட்டின் தலைநகர் போல் விளங்கிய கோயம்புத்தூரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அதுவே நோயின் முன்னறிவிப்பு. அஞ்சிய மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே தோட்டங்களிலும் வெட்டவெளிகளிலும் கொட்டகை போட்டுத் தங்கினர். நோய் தணிய வேண்டி அவர்கள் எழுப்பிய பிளேக் மாரியம்மன் கோவில்கள் கோயம்புத்தூரின் தெருக்களில் இன்றும் வழிபாட்டில் உள்ளன.

இந்தியாவில் இந்நோய் 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிப் பிற ஊர்களுக்குப் பரவியது. எலிகளின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகள் வழியாக அது மனிதரைப் பற்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய ஆட்சியாளர்கள் அவ்வீடுகளை இடித்து, நேரான அகன்ற சாலைகளை அமைக்க முற்பட்டனர். பம்பாயில் 1898ஆம் ஆண்டு இதற்கெனவே ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டது. வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால், அக்கோட்டில் அகப்பட்ட வீடுகள் அனைத்தும் மறைந்தன. வீடிழந்த ஏழைகள் அடுத்த தெருவின் சிற்றறைகளுக்குள் நெருக்கியடித்துக் குடியேறினர். அங்கே வாடகை உயர்ந்தது, நெரிசல் மிகுந்தது, நோய்க்குப் புதிய இடம் கிடைத்தது.

இம்முறை பிழையானது என்பதை உணர்ந்து, அதற்கு மாற்று வழியையும் கண்டவர் பேட்ரிக் கெடிஸ். அவர் கட்டடக்கலை பயின்றவரல்லர், பொறியாளரும் அல்லர். தாவரவியல் பேராசிரியராகிய அவருக்கு வீடுகளைப் பற்றிய இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அவர்தம் இளமைக்காலத்தை நோக்குதல் வேண்டும்.

தோட்டத்தில் தொடங்கிய கல்வி

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் கெடிஸ் படைவீரராகப் பணியாற்றியவர். கெடிஸ் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகரில் குடியேறியது. குன்றின்மேல் அமைந்த அவர்களது சிறு வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் டே என்னும் ஆறு வளைந்து செல்வதும், அதன் கரையில் நகரம் விரிந்து கிடப்பதும் ஒருங்கே தெரியும். தோட்டத்தில் நடுவதும் அளப்பதும் கணக்கிடுவதும் தந்தையிடம் அவர் கற்ற முதற்பாடங்கள். மலை, ஆறு, வயல், ஊர் ஆகியவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற எண்ணம் அக்குன்றிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பள்ளிப் படிப்புக்குப்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வங்கி ஒன்றில் பணியாற்றினார். அப்பணி அவருக்கு ஒட்டவில்லை. தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் ஒரே வாரத்தில் விலகினார். உலர்ந்த மாதிரிகளைப் பிரித்துப் பெயரிடும் படிப்பைவிட, உயிருள்ள செடி தன் சூழலோடு எவ்வாறு வாழ்கிறது என்பதை அறியவே அவர் விரும்பினார். பின்னர் இலண்டன் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார்.

1879ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குச் சென்றபோது அவருக்குப் பெரும் இடர் நேர்ந்தது. கண்பார்வை மங்கியது. இருட்டறையில் கட்டிய கண்களுடன் பல வாரங்கள் இருக்குமாறு மருத்துவர்கள் கூறினர். ஆராய்ச்சியே வாழ்க்கை என்று எண்ணிய இருபத்தைந்து வயது இளைஞருக்கு உலகமே இருண்டது. அந்நிலையில் ஒருநாள் அவர் விரல்கள் சன்னற்சட்டத்தின் கட்டங்களைத் தடவின. அக்கட்டங்களையே ஒரு கரும்பலகையாக மனத்தில் கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை அமைத்து, அவற்றிடையே உள்ள தொடர்புகளை ஆராயத் தொடங்கினார். பார்வை மீண்டபின், தாளைக் கட்டம் கட்டமாக மடித்துச் சிந்திப்பது அவரது வாழ்நாள் வழக்கமாயிற்று.

அக்கட்டங்களில் அவர் முதன்மையாக எழுதிய சொற்கள் மூன்று: இடம், தொழில், மக்கள். இடம், தொழில், குடும்பம் என்னும் பிரெஞ்சு அறிஞர் லெ பிளேயின் வகைப்பாட்டிலிருந்து அவர் இதனை வளர்த்தெடுத்தார். இடம் தொழிலை உருவாக்குகிறது. தொழில் மக்களின் வாழ்க்கையை வடிவமைக்கிறது. மக்களோ தம் இடத்தை மீண்டும் மாற்றியமைக்கின்றனர். இம்மூன்றும் கூடும் புள்ளியே வீடு. இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்து வீட்டைப் பற்றி முடிவு செய்வது, வேரையும் மண்ணையும் விட்டுவிட்டு இலையை மட்டும் பார்த்துச் செடிக்கு மருந்திடுவதைப் போன்றது என்பது அவரது தெளிவு.

இடிந்த தெருவில் இல்லறம்

கண்நோய்க்குப்பின் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்ப்பது கெடிசுக்கு இயலாமற் போயிற்று. எடின்பரோவில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே அவர் நகர வாழ்க்கையை ஆராயலானார். 1886ஆம் ஆண்டு ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். இசையில் வல்லவரும் மக்கள் தொண்டில் ஈடுபாடுடையவருமான ஆனா, கணவரின் எல்லாப் பணிகளிலும் சரிபாதியாக நின்றார்.

எடின்பரோவின் பழைய நகரம் ஒருகாலத்தில் செல்வர்கள் வாழ்ந்த இடம். புதிய நகரம் கட்டப்பட்டதும் அவர்கள் அங்குக் குடிபெயர, பழைய மாடிவீடுகள் ஏழைகளின் ஒடுங்கிய குடியிருப்புகளாயின. ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. முற்றங்களில் குப்பை குவிந்தது. 1887ஆம் ஆண்டு கெடிசும் ஆனாவும் அப்பகுதியிலுள்ள ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பிலேயே குடியேறினர். பேராசிரியர் ஒருவர் தாமே விரும்பிச் சேரியில் குடியிருப்பதை நண்பர்கள் வியப்புடன் நோக்கினர்.

அவ்விருவரும் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. தம் வீட்டைக் கழுவினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சன்னல்களில் பூஞ்செடிப் பெட்டிகளை வைத்தனர். முதலில் வேடிக்கை பார்த்த அண்டைவீட்டார் பின்னர் வாளியும் துடைப்பமுமாக உடன் வந்தனர். முற்றம் தூய்மையாயிற்று. இடிந்து விழும் நிலையிலிருந்த சில கட்டடங்கள் மட்டும் அகற்றப்பட்டு, அவ்விடங்கள் சிறு தோட்டங்களாயின. மற்றவை பழுதுபார்க்கப்பட்டுக் குடியிருப்புகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் புத்துயிர் பெற்றன. வாழ்வோரை வெளியேற்றாமலே ஒரு தெருவை நலப்படுத்தலாம் என்பதற்கு அத்தெருவே சான்றாயிற்று.

1888ஆம் ஆண்டு முதல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஆண்டில் ஒரு பருவம் மட்டும் கற்பித்தால் போதும் என்பதால் எஞ்சிய காலத்தை நகராய்வுக்குச் செலவிட்டார். 1892ஆம் ஆண்டு எடின்பரோவில் பழைய கோபுரக் கட்டடம் ஒன்றைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரம் என்னும் கல்விக்கூடமாக மாற்றினார். வருவோர் முதலில் உச்சிக்கு ஏறி நகர் முழுவதையும் காண வேண்டும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்கினால், தம் நகரம், தம் நாடு, ஐரோப்பா, உலகம் என அறிவு விரிந்துகொண்டே செல்லும். காலடியில் உள்ள இடத்தை அறிந்த பின்னரே உலகை அறிய முடியும் என்பதே அக்கோபுரம் கற்பித்த பாடம்.

தெரிந்து தெளிவோம்

மலையுச்சி முதல் கடற்கரை வரை ஆற்றின் போக்கில் நிலத்தை வெட்டிப் பார்ப்பதுபோன்ற ஒரு வரைபடத்தைக் கெடிஸ் அமைத்தார். மலையில் சுரங்கத் தொழிலாளரும் மரம் வெட்டுவோரும் வேட்டுவரும், சரிவில் ஆடு மேய்ப்போரும், சமவெளியில் உழவரும், கடற்கரையில் மீனவரும் அதில் இடம்பெற்றனர். ஒவ்வொரு நிலத்துக்கும் ஏற்ற தொழிலும் குடியிருப்பும் உண்டு என்பது அதன் பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பகுத்து, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மக்களையும் தொழிலையும் கருப்பொருளாகவும், ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் கண்ட தமிழரின் திணைக்கோட்பாட்டோடு இதனை ஒப்பிட்டு மகிழலாம்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

உலக நகரங்களின் படங்கள், வரைபடங்கள், மாதிரிகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் திரட்டிக் கெடிஸ் ஒரு கண்காட்சியை உருவாக்கினார். அது 1913ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் உயரிய பரிசைப் பெற்றது. அதனைச் சென்னையில் நடத்துமாறு சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைப்பு விடுத்தார். 1914ஆம் ஆண்டு கெடிஸ் தம் அறுபதாம் வயதில் மகன் அலாஸ்டருடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் மற்றொரு கப்பலில் அனுப்பப்பட்டன.

அப்போது முதல் உலகப்போர் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல், அடுத்த மாதம் இந்தியப் பெருங்கடலில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. சூழ்ச்சியில் வல்லவரை எம்டன் என்று தமிழர் பேச்சுவழக்கில் குறிப்பதற்குக் காரணமான அதே கப்பல், கெடிசின் பல்லாண்டு உழைப்பைக் கடலடியில் சேர்த்தது. அவர் தளரவில்லை. தாய்நாட்டு நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

அதன்பின் மாகாணத்தின் ஊர்களைக் காணப் புறப்பட்டார். தஞ்சாவூர், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் தெருக்களில் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார். தமிழ்நாட்டுக் கோவில் நகரங்கள் அவரைப் பெரிதும் ஈர்த்தன. கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகள், தேர் திரும்புவதற்கேற்ற அகலம், திருக்குளம், நந்தவனம், நிழல் தரும் மரங்கள் ஆகியவற்றில் மிகப் பழைய நகரமைப்பு அறிவு புதைந்திருப்பதை அவர் கண்டார். அவ்வறிவைக் கற்காமல் அந்நாட்டு நகரங்களைத் திருத்த முற்படுவது அறியாமை என்று ஆட்சியாளர்களுக்கு எடுத்துரைத்தார்.

காக்கும் அறுவை

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகள் நெருக்கமாக இருந்தன. அவற்றினூடே நேரான சந்துகளை வெட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. கெடிஸ் அத்தெருக்களுக்குச் சென்று ஒவ்வொரு வீட்டையும் பார்த்தார். எவ்வீடு உறுதியானது, எது பாழடைந்தது, எங்கே காலிமனை கிடக்கிறது, எந்தக் கிணற்றில் மக்கள் நீரெடுக்கின்றனர், எந்த மரத்தடியில் கூடுகின்றனர் என்பனவற்றைத் தம் வரைபடத்தில் குறித்தார்.

அவ்வாறு பார்த்தபோது, புதிய நேர்ச்சாலைகளுக்குத் தேவையே இல்லை என்பது தெரிந்தது. வாழத் தகுதியற்றுப் போன சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடந்த காலிமனைகளோடு அவற்றைச் சேர்த்தால் சிறு சதுக்கங்கள் கிடைத்தன. இருந்த சந்துகளைச் சற்றே அகலமாக்கினால் எல்லா வீடுகளுக்கும் காற்று எட்டியது. ஒரு நல்ல வீடோ, சிறு கோவிலோ, நிழல்மரமோ குறுக்கிட்டால் பாதை சிறிது வளைந்து செல்லட்டும் என்று விட்டுவிட்டார். பழைய திட்டத்துக்காகும் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதுமானதாக இருந்தது. அதனினும் மேலாக, பெரும்பாலான குடும்பங்கள் தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ முடிந்தது.

இம்முறைக்குக் கெடிஸ் இட்ட பெயரைத் தமிழில் காக்கும் அறுவை எனலாம். உடலின் நோயுற்ற சிறு பகுதியை மட்டும் நீக்கி, நலமான உறுப்புகளைக் காப்பவரே நல்ல அறுவை மருத்துவர். நகரத்தைத் திருத்துவோருக்கும் அவ்வறம் வேண்டும் என்று அவர் கருதினார். வீடிழந்த குடும்பம் எங்கே போகும் என்னும் வினாவுக்கு விடை சொல்லாத எத்திட்டத்தையும் அவர் ஏற்கவில்லை.

குளங்கள் பற்றிய அவரது கருத்தும் இத்தகையதே. மலேரியாக் கொசுக்கள் பெருகுகின்றன என்பதற்காக ஊர்க்குளங்களை மண்ணிட்டு மூடிவிட வேண்டும் என்று அன்று பலர் கூறினர். கெடிஸ் அதனை எதிர்த்தார். குளத்தைத் தூய்மை செய்து, கொசுப் புழுக்களை உண்ணும் மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் போதும் என்றார். கோடையில் ஊரைக் குளிர்விப்பதும், மழைநீரை ஏந்துவதும், கிணறுகளுக்கு ஊற்றளிப்பதும் குளமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

கொங்கு வீடுகளில் மூன்று சொற்கள்

இடம், தொழில், மக்கள் என்னும் கெடிசின் மூன்று சொற்களைக் கையில் ஏந்திக் கொங்குநாட்டைக் கண்டால், அவற்றின் உண்மை நன்கு விளங்கும். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றும் நொய்யல் ஆறு கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. மலைச்சரிவில் பழங்குடி மக்களின் ஊர்கள், அடிவாரத்தில் தோப்புகள், நகரில் நெசவாளர் தெருக்கள், கரிசல் நிலத்தில் பருத்திக் காடுகள், காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள், முடிவில் காவிரிக்கரை வயல்கள் என ஆற்றின் போக்கிலேயே தொழில்கள் மாறுகின்றன. வீடுகளும் மாறுகின்றன.

கொங்கு உழவர் பலர் ஊருக்குள் வாழாமல் தம் நிலத்திலேயே வீடு அமைத்துக்கொண்டனர். அதற்குத் தோட்டத்துச் சாளை என்று பெயர். கிணறும், மாடு கட்டும் கட்டுத்தரையும், தானியம் அடிக்கும் களமும், ஆட்டுப்பட்டியும் அவ்வீட்டின் உறுப்புகள். வசதியுள்ளோரின் தொட்டிக்கட்டு வீடுகளில் நடுமுற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொணரும். அவ்விடத்து மண்ணால் எழுந்த தடித்த சுவர் வெயிலைத் தாங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் பருவக்காற்று இம்மண்ணின் வெம்மையைத் தணிக்கிறது.

நெசவாளர் வீட்டின் அமைப்போ வேறு. வீட்டுத் தரையிலேயே குழித்தறி இருக்கும். பாவு நூலை நீள விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்தத் தெருவை ஒட்டிப் பாவடி என்னும் நீண்ட வெளி வேண்டும். அவ்வெளியைக் காலிமனை என்று கருதி ஒருவர் எடுத்துக்கொண்டால், சுவர் ஒன்றுகூட இடியாமலே நெசவாளரின் வீடு பயனற்றுப் போகும். மாடிவீட்டில் குழித்தறிக்கு இடமில்லை. நகரத்துச் சிறுமனையில் கட்டுத்தரைக்கு இடமில்லை. வீட்டை அளப்பவர் சுவரை மட்டும் அளத்தல் ஆகாது என்று கெடிஸ் வற்புறுத்தியதன் காரணம் இதனால் தெளிவாகும்.

நெருக்கடிக்குத் தீர்வாகப் பழைய ஊரின் வெளியே புதிய குடியிருப்புகளை அமைப்பதும் அக்காலத்தில் எழுந்த ஒரு வழியாகும். கோயம்புத்தூர் நகராட்சித் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.புரம், ஒழுங்கான அகன்ற வீதிகளோடு அவ்வாறு உருவான பகுதியாகும். 1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கென நகரமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. நகர்கள் திட்டமிட்டு வளர வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றதை இவை காட்டுகின்றன.

துயரும் தீபாவளியும்

1917ஆம் ஆண்டு கெடிசின் வாழ்வில் பேரிடி விழுந்தது. கண்காட்சிப் பணியில் தோள்கொடுத்த மகன் அலாஸ்டர் ஏப்ரல் மாதம் பிரான்சின் போர்க்களத்தில் உயிரிழந்தார். அச்செய்தி எட்டியபோது ஆனா இந்தியாவில் கடுங்காய்ச்சலால் நோய்ப்படுக்கையில் இருந்தார். மகனின் மறைவை அறிந்தால் அவர் தாங்கமாட்டார் என்று கருதிய கெடிஸ், துயரத்தைத் தம் நெஞ்சுக்குள்ளேயே புதைத்துக்கொண்டார். சில வாரங்களில் ஆனாவும் கல்கத்தாவில் காலமானார். மகன் இறந்ததை அறியாமலே அவர் கண்மூடினார்.

இத்துயருக்குப் பிறகும் கெடிஸ் பணியை விடவில்லை. இந்தூர் சமஸ்தானத்தின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றார். அந்நகரில் பிளேக் பரவியிருந்தது. வரைபடமும் கையுமாகத் தெருத்தெருவாகத் திரியும் தாடிக்காரரைக் கண்டு மக்கள் அஞ்சினர். நோயைக் கொண்டுவருபவர் இவரே என்ற பேச்சும் எழுந்தது. அளப்பவர் வந்தால் இடிப்பவர் பின்னே வருவார் என்பது அவர்களது பட்டறிவு. கெடிஸ் சினம் கொள்ளவில்லை. மக்களின் அச்சத்தைப் போக்க மக்களின் திருவிழாவையே கருவியாக்கினார்.

மன்னரின் இசைவுடன் தீபாவளியன்று பெரிய ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். ஊர்வலம் வழக்கமான வீதிகளில் செல்லாது; எத்தெரு தன் வீடுகளை நன்கு தூய்மை செய்து பழுதுபார்த்திருக்கிறதோ அத்தெருவழியே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. நகரெங்கும் வெள்ளையடிப்பும் தூய்மைப் பணியும் மும்முரமாயின. வண்டி வண்டியாகக் குப்பை அகற்றப்பட்டது. அன்றைய ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் அணிவகுத்தன. நோயின் வடிவாகப் பேருருக் கொண்ட எலியொன்றும் இழுத்து வரப்பட்டது. தூய்மைப் பணியாளர்கள் தூய வெள்ளுடை அணிந்து, புதிய துடைப்பங்களுடன் பெருமிதத்தோடு நடந்தனர். அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த அவர்களுக்கு நகரம் முதன்முறையாக மதிப்பளித்தது. இறுதியில் நோயின் உருவங்கள் தீக்கிரையாயின.

பருவம் மாறியதாலும் தூய்மை பெருகியதாலும் நோய் தணிந்தது. முன்பு அஞ்சி ஒதுங்கிய மக்கள் கெடிசை அன்போடு வரவேற்றனர். வீடுவாசலைத் தூய்மை செய்து கோலமிடும் பண்டிகை மரபுக்குள்ளேயே நலவாழ்வின் வழி இருப்பதை அவர் கண்டுகொண்டார். 1918ஆம் ஆண்டு இந்தூர் நகருக்காக அவர் வழங்கிய அறிக்கை அவரது இந்தியப் பணிகளுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது.

இறுதி ஆண்டுகள்

1919ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மற்றும் குடிமையியல் துறையின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில் இந்திய அறிவியல் மேதை ஜகதீஷ் சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். இரவீந்திரநாத் தாகூரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1914 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இந்தியாவின் சுமார் ஐம்பது ஊர்களைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதினார்.

அவருடைய திட்டங்கள் பலவும் செயல்வடிவம் பெறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. கோட்டோவியம் போல் விரைந்தோடும் அவரது பேச்சைப் பின்தொடர்வது கேட்போருக்குக் கடினமாக இருந்தது. பெருஞ்செலவில் நேர்ச்சாலை அமைப்பதையே முன்னேற்றம் என்று நம்பிய அலுவலர்கள், வீடுவீடாகப் பார்க்கும் பொறுமையான முறையை விரும்பவில்லை. அறிக்கைகள் பல அலுவலக நிலைப்பேழைகளில் உறங்கின. ஆயினும் அவர் விதைத்த கருத்துகள் முளைக்கத் தவறவில்லை. அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு அவரைத் தம் ஆசானாகக் கொண்டு நகர வரலாற்று ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். இந்தியச் சமூகவியலை வளர்த்த ஜி.எஸ்.குர்யே அவரால் ஊக்கம் பெற்றவர்.

1924ஆம் ஆண்டு உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டுச் சென்ற கெடிஸ், தென்பிரான்சின் மான்ட்பெல்லியர் நகருக்கருகே ஒரு கல்வி நிலையத்தை நிறுவினார். கற்கள் நிறைந்த அந்நிலத்தில் அவரே தோட்டமும் அமைத்தார். 1925ஆம் ஆண்டு டெல் அவீவ் நகருக்கு அவர் வகுத்த திட்டம் அந்நகரின் வளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று. 1932ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மான்ட்பெல்லியரில் மறைந்தார்.

பேட்ரிக் கெடிஸ் எழுப்பிய கட்டடங்களைவிட இடியாமல் காத்த இல்லங்களே அவரது பெருமையைப் பேசுகின்றன. இன்று கோயம்புத்தூரின் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் ஆகியவற்றைச் சுற்றி நகரம் வேகமாக வளர்ந்து வருகிறது. நெசவாளர் தெருக்களும் தோட்டத்துச் சாளைகளும் மறைந்து, எவ்விடத்துக்கும் உரியதல்லாத ஒரே வகைக் கட்டடங்கள் பெருகுகின்றன. சாலை அகலப்படுத்தவும் நீர்நிலைகளை மீட்கவும் சில வீடுகளை அகற்றவேண்டிய தேவையும் எழுகிறது. அந்நிலையில் அங்கு வாழ்வோர் யார், அவர்தம் தொழில் யாது, அவர்கள் எங்கே செல்வர் என்று முதலில் கேட்பவரே நகரை நலப்படுத்தத் தகுதியுடையவர். நாளைய பொறியாளர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் குடிமக்களாகவும் விளங்கப்போகும் மாணவர்களுக்குக் கெடிசின் வாழ்க்கை விட்டுச்சென்ற கடமை இதுவே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரின் பழைய வீடு ஒன்றைப் பார்வையிட்டு, அதன் அமைப்பில் இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் தெருவின் வரைபடத்தை வரைந்து, மரங்கள், கிணறுகள், காலிமனைகள், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைக் குறிக்க. எவ்வீட்டையும் இடிக்காமல் அத்தெருவை மேம்படுத்தும் வழிகளை எழுதுக.

3. வீட்டின் பகுதிகளைக் குறிக்க உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளுடன் அகரவரிசையில் பட்டியலிடுக.